பருப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம் தேநீர் கிடையாது: முடிக்காக என் அடுக்களையில் மாற்றியவை

2021 தீபாவளியன்று விடிகாலையில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு எழுந்தேன். குளியலறைத் தண்ணீர் வடியவே இல்லை. குனிந்து வடிகால் துளையில் கைவிட்டால், அடைத்துக்கொண்டிருந்தது என் முடி. ஒரு தேங்காயின் நாரைப் பிய்த்துச் சுருட்டினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருந்தது. பலகாரம் சுட வேண்டிய நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த ஜூலையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். யாங்கோனில் அந்த மாதம் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை; ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஊரே வரிசையில் நின்ற மாதம். நாங்கள் பிழைத்துக்கொண்டோம். காய்ச்சலே மறந்துபோன பிறகு, மூன்று மாதம் கழித்து முடி கொட்டத் தொடங்கியது.

நான் பஸுண்டாங் பக்கம் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவள். தினமும் ஒன்றரை வீசை உளுந்து ஊறப்போடுகிறேன். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்களுக்கு இன்னும் வீசைக் கணக்குதான். ஒரு வீசை 1.6 கிலோவுக்குச் சற்று மேல்.) ஒரு நேர்த்திக்கடனுக்காகப் பதினைந்து வருடமாகச் சைவம். பருப்பும் கீரையும் இல்லாமல் என் வீட்டில் ஒரு வேளை கிடையாது. அப்படிப்பட்டவளுக்குச் சத்துக்குறைவு என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.1. அது பரவாயில்லை. ஃபெரிட்டின் என்று இன்னொன்று எழுதியிருந்தார்கள், அது 11. ஃபெரிட்டின் என்பது உடம்பில் இரும்புச்சத்தின் கையிருப்பு. கல்லாவில் காசு இருக்கிறதா என்று பார்ப்பது ஹீமோகுளோபின் என்றால், பெட்டிக்குள் சேமிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது ஃபெரிட்டின். பெரியவர்களுக்கு அது 15க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அதனால் உடம்பு தேறிய பிறகு பார்ப்பதே சரி என்றும் சொன்னார்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை உட்கார வைத்தது. “ஒரு நாளைக்கு எத்தனை தேநீர் குடிக்கிறீர்கள்?”

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

முடிக்கு ஏன் இத்தனை தாமதம்

அடுக்களைக்குள் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் சலித்து விட்டுவிடுவீர்கள். நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும், பிறகு விழும். அந்த இடத்தில் புதியது முளைக்கும். தினம் ஐம்பது முதல் நூறு வரை விழுவது இயல்பு. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி போன்ற உணவுக்கட்டுப்பாடு என்று ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிந்து எல்லாம் சேர்ந்து விழும்போது மூன்று மாதம் ஓடியிருக்கும். என் ஜூலைக் கணக்கை அக்டோபரும் தீபாவளியும் தீர்த்தது இப்படித்தான்.

இந்த வகைக் கொட்டுதல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். ஆனால் புதிய முடியை நெய்யச் சரக்கு வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் நீளும். இன்று தின்றது கண்ணுக்குத் தெரிய மாதக்கணக்காகும். உயிர்போகும் நெருக்கடி வந்தால் உடம்பு முதலில் இதயத்தையும் மூளையையும் பார்க்கும், முடியைக் கடைசியாகத்தான் பார்க்கும். சரக்கு குறைந்த வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருகிற ஆள் முடி.

அரிசி, உளுந்து, எள்: மூன்றும் சேர வேண்டும்

முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அதில் கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைய. முடி கருகும்போது வரும் நாற்றம் அந்தக் கந்தகத்தின் வேலை. சிஸ்டீனை உடம்பே மெத்தியோனின் என்ற இன்னொன்றிலிருந்து செய்துகொள்ளும். சைவச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் என்னவென்றால், பருப்பு வகைகளில் மெத்தியோனின் குறைவு, லைசின் என்ற வேறொரு அமினோ அமிலம் அதிகம். அரிசியில் லைசின் குறைவு, மெத்தியோனின் தேவைக்கு இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கும். எள்ளில் மெத்தியோனின் நன்றாகவே இருக்கிறது. இட்லிக்கு எள்ளு மிளகாய்ப்பொடி தொட்டுக்கொள்ளச் சொன்னது யாரோ, அவர் காலில் விழலாம்.

அளவு என்று பார்த்தால், உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது அடிப்படைக் கணக்கு. நான் 56 கிலோ. எனக்கு 45 கிராம் வேண்டும். உலர்ந்த உளுந்து 100 கிராமில் 25 கிராம் அளவு புரதம் உண்டு. கேட்க நிறைய. ஆனால் நான்கு இட்லியில் இருக்கும் உளுந்து எவ்வளவு? மாவு விற்கிறவள் சொல்கிறேன், முப்பது கிராம் கூட வராது. “தினமும் இட்லி சாப்பிடுகிறேனே” என்று நம்பிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. காலையில் இட்லி, மதியம் சோற்றில் தண்ணீராக ஒரு கரண்டி சாம்பார், ராத்திரி மிச்சச் சோறு. கூட்டிப் பார்த்தால் முப்பது கிராமைத் தாண்டவில்லை.

அதனால் ஒவ்வொரு வேளையும் கெட்டியாக ஒரு பருப்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இதற்குப் பர்மா மாதிரி வசதியான ஊர் கிடையாது. காலையில் தெருவில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெப்யோ விற்கிற பெண் வருகிறாள். பட்டாணியை ஊறவைத்து, முளை எட்டிப்பார்க்கும் பக்குவத்தில் வேகவைத்தது. நம் ஊர்ச் சுண்டலுக்குச் சொந்தத் தங்கை. வெங்காயம் வதக்கி அதில் கொட்டிப் புரட்டி, சோற்றோடும் சாப்பிடலாம், நான்பியா ரொட்டியோடும் சாப்பிடலாம். ஷான்காரர்கள் கடலைமாவில் கிண்டி உறையவைக்கிற மஞ்சள் தோஃபுவும் இருக்கிறது. அதைத் துண்டு போட்டு, எள்ளும் வேர்க்கடலையும் தூவி, எலுமிச்சை பிழிந்தால் மாலைச் சிற்றுண்டி ஆச்சு. வாங்கித் தின்ன இவ்வளவு கிடைக்கும்போது டப்பாவில் அடைத்த புரதப் பொடிக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

இரும்பு: தட்டில் இருப்பதும் உடம்பில் சேர்வதும்

என் கதையின் முடிச்சு இங்கேதான். தாவர உணவிலிருக்கும் இரும்பு இறைச்சியில் இருப்பதைப் போல எளிதில் உடம்பில் சேராது. நூறு பங்கு தின்றால் பத்துப் பங்கு சேர்ந்தாலே பெரிது. இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் போட்ட கணக்கில் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் என்று அவ்வளவு உயர்த்தி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேநீரில் இருக்கும் டேனின் வகைப் பொருட்கள் இந்தத் தாவர இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சேர்மானம் பாதிக்கு மேல் அடிபடும். எங்கள் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். தேநீர்க்கடையில் உட்கார்ந்தால் கேட்காமலே யே நுவே ஜான், அதாவது வெறும் பச்சைத் தேநீர், ஃபிளாஸ்க்கில் வந்துவிடும். காசு கிடையாது. வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பு இருந்த இடத்தில் அந்த ஃபிளாஸ்க்தான் இருந்தது. சோற்றுக்கு நடுவில் ஒரு கிண்ணம், முடிந்ததும் ஒரு கிண்ணம். பதினைந்து வருடமாக நான் சமைத்த கீரையின் இரும்பை நானே கழுவி விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தேநீரை விடச் சொல்லவில்லை; விட்டால் பர்மாவில் யாரும் பேசமாட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி, அவ்வளவுதான். காப்பிக்கும் இதே சட்டம். லப்பே தோ என்கிற தேயிலைக் கலவை எனக்கு உயிர், அதுவும் தேயிலைதான். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை நிறுத்தி மாலை நான்கு மணிக்கு மாற்றினேன். சோற்றோடு இப்போது இஞ்சிக் கலவை. அதில் வறுத்த பருப்பு, எள், வேர்க்கடலை, முட்டைக்கோஸ், எலுமிச்சைச் சாறு எல்லாம் இருக்கின்றன. முடிக்கென்று யாரோ உட்கார்ந்து எழுதிய மருந்துச் சீட்டு மாதிரி.

தடுப்பதை விலக்கியாயிற்று. சேர்ப்பதைக் கூட்டுவது எலுமிச்சை, கொய்யா, நெல்லி. இவற்றின் வைட்டமின் சி தாவர இரும்பை உடம்பு உறிஞ்சுகிற வடிவத்துக்கு மாற்றித் தரும். ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட்டால் சேர்மானம் இரண்டு மூன்று மடங்கு கூடலாம். “ஒரே வேளையில்” என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். காலையில் தின்ற கொய்யா மதியக் கீரைக்கு உதவாது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு, ஆரஞ்சை விட நாலு மடங்கு. மதியச் சாப்பாடு முடிந்ததும் அரைக் கொய்யா. எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். கொதிக்கும் சாம்பாரில் பிழிந்தால் புளிப்பு நிற்கும், சத்து போய்விடும்.

கீரைகளில் முருங்கைக்குத்தான் என் முதல் ஓட்டு. பர்மியர் இதை டண்டலூன் என்பார்கள். காயைத்தான் வாங்குவார்கள், இலையைக் கேட்டால் சந்தைக்காரி சும்மாவே கொடுத்த காலம் உண்டு. பாலக்கீரையில் இரும்பு இருந்தாலும் ஆக்சலேட்டும் நிறைய, சேர்வது கொஞ்சம். புளிச்சக்கீரையை இந்த ஊரில் வாரம் நான்கு நாள் சாப்பிடுகிறோம். அதை இரும்புச் சட்டியில் வதக்குங்கள். புளிப்பு பட்டால் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு இறங்கும். கறுத்துப்போகிறதே என்று மகள் முகம் சுளிக்கிறாள். சுளிக்கட்டும்.

எள்ளைப் பற்றி ஒரு நேர்மையான கணக்கு: 100 கிராமில் 14 மில்லிகிராம் இரும்பு என்று எங்கும் எழுதுகிறார்கள். யார் 100 கிராம் எள் தின்கிறார்கள்? ஒரு மேசைக்கரண்டி 9 கிராம். கிடைப்பது ஒன்றேகால் மில்லிகிராம். ஆனாலும் மூன்று வேளையும் ஒரு கரண்டி தூவினால் சேரும். தோல் நீக்காத எள்ளாக வாங்குங்கள். மக்வே பக்கத்துக் கறுப்பு எள் மலிவாகவே கிடைக்கிறது.

ஒன்றை மறைக்கக்கூடாது. நான் சாப்பாட்டை மட்டும் மாற்றவில்லை, டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையும் மூன்று மாதம் போட்டுக்கொண்டேன். காலியான பெட்டியைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப வெகுகாலம் ஆகும். நிரம்பியதைக் காப்பாற்றுவது சாப்பாடு. பரிசோதனை செய்யாமல் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்காதீர்கள். கூடினாலும் உடம்பைக் கெடுக்கும்.

முளைகட்டுவது, மின்வெட்டு ஊரில்

பருப்பு, எள், தானியம் எல்லாவற்றிலும் பைட்டேட் என்று ஒன்று இருக்கிறது. விதை தன் சொத்தைப் பூட்டி வைக்கும் பூட்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்தால் பூட்டு தளரும், முளைகட்டினால் இன்னும் தளரும், புளிக்கவைத்தாலும் அப்படியே. அதனால்தான் புளித்த மாவு இட்லிக்கு, திடீர் மாவு இட்லியைவிட மதிப்பு. (இது என் வியாபார விளம்பரம் இல்லை. சரி, கொஞ்சம் விளம்பரம்தான்.)

பச்சைப்பயறோ பட்டாணியோ ஒரு கிண்ணம் எடுத்து, இரவு நிறையத் தண்ணீரில் போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பூட்டின் ஒரு பகுதி அதோடு போகிறது. நன்றாக அலசி, பழைய பருத்தி லௌஞ்சித் துணியில் தளர்வாகக் கட்டி, அடியில் தண்ணீர் தேங்காதபடி ஒரு சல்லடைமேல் வையுங்கள். ஏப்ரல் வெயிலில் காலை, மதியம், மாலை மூன்று தடவை அலச வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு போதும், ஆனால் மூட்டை கனமாக இருந்தால் நடுவில் கொழகொழத்துவிடும். மோந்து பாருங்கள், பச்சை வாசனை வர வேண்டும், புளிப்பு வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். அரை விரற்கடை முளை வந்ததும் வேகவைத்துவிடலாம். எங்களுக்கு மின்சாரம் எப்போது வரும் போகும் என்று தெரியாததால் குளிர்ப்பெட்டியை நம்பி இரண்டு நாளைக்கு முளைகட்டி வைப்பதில்லை. பச்சையாகச் சாப்பிடுவதையும் விட்டுவிட்டேன். ஈரமும் சூடும் சேர்ந்த முளையில் கிருமியும் சேர்ந்தே வளரும்.

துத்தநாகம் என்றதும் பூசணி விதை. பூசணிக்காய் வாங்குகிற வீட்டில் விதையைக் குப்பையில் போடுவது பாவம். கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, வெறும் வாணலியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து ஒரு கைப்பிடி. பூசணியின் மஞ்சள் சதையில் பீட்டா கரோட்டின் இருக்கிறது, உடம்பு தேவைக்கு மட்டும் அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். மாத்திரையாக வைட்டமின் ஏ-வை அளவுக்கு மீறிப் போட்டால் முடியே கொட்டும். வைட்டமின் ஈ வேர்க்கடலையிலேயே கிடைத்துவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது பி12. எந்தக் கீரையிலும் பருப்பிலும் அது நம்பும்படி கிடையாது. புளித்த மாவில் இருக்கிறது என்று என் வாடிக்கையாளர் ஒருவர் அடித்துச் சொன்னார். அதை நம்பி இருக்க முடியாது. பால், தயிர், முட்டை எதையும் தொடாத முழுச் சைவம் என்றால் மாத்திரை வேண்டும். நான் ஒரு கிண்ணம் தயிர் சேர்த்துக்கொண்டேன், வருடத்துக்கு ஒருமுறை அளவைப் பார்த்துக்கொள்கிறேன்.

பாங்காக்கிலிருந்து வந்த மிட்டாய்

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகள் பாங்காக்கிலிருந்து பயோட்டின் என்கிற பி வகை வைட்டமின் மிட்டாய் வாங்கி வந்தாள். “அத்தை, அங்கே எல்லோரும் இதைத்தான் சாப்பிடுறாங்க” என்றாள். ஒன்றில் 5000 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30. வேர்க்கடலை, சர்க்கரைவள்ளி, பருப்பு சாப்பிடுகிறவருக்குப் பயோட்டின் பற்றாக்குறை வருவதே அபூர்வம். இரண்டு மாதம் தின்றேன், முடியில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து எடுத்த தைராய்டு பரிசோதனை தாறுமாறாக வந்து என்னைப் பயமுறுத்தியது. அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்ட வைக்கும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்திருக்கிறது. மிட்டாயை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தால் தைராய்டு சரியாகவே இருந்தது. நீங்கள் எதைச் சாப்பிட்டாலும் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

தலைக்கு மேலே தேய்ப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். காளியம்மன் கோவில் பக்கம் தெயின்ஜி சந்தையில் தயோ பட்டையும் கின்புன் காயும் விற்கிறார்கள். கின்புன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய்தான். புதுவருடத் திஞ்ஞான் சமயத்தில் இளையவர்கள் அதை வேகவைத்த தண்ணீரால் பெரியவர்களுக்குத் தலை அலசிவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நானும் அலசிவிட்டிருக்கிறேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்கியே போனார். அழுக்கு போகும், முடி மெத்தென்று இருக்கும். ஆனால் தோலுக்கு வெளியே வந்த முடி உயிரில்லாதது. அதற்கு ஊட்ட முடியாது. ஊட்டம் போக வேண்டியது வேருக்கு, அதன் வழி ரத்தம்.

சில கொட்டுதல்களுக்கு இந்தச் சமையல் எதுவும் செய்யாது. காசு அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழுந்தால், தலைத்தோல் சிவந்து செதில் உதிர்ந்தால், கூடவே எடையோ மாதவிடாயோ மாறினால், வகிடு மட்டும் வருடக்கணக்கில் அகன்றுகொண்டே போனால், நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். ஆண்களின் பரம்பரை வழுக்கைக்கும் பருப்பு பதில் சொல்லாது. என் வீட்டுக்காரர் ஆறு மாதம் முளைப்பயறு தின்றுவிட்டு என்னைக் குற்றம் சொல்கிறார்.

பலன் தெரிகிறதா என்று தினம் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் புரியாது. மாதத்தின் முதல் தேதி, அதே சன்னல் வெளிச்சத்தில், வகிட்டையும் நெற்றியோரத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். என்னுடைய முதல் மூன்று படத்திலும் வித்தியாசமே இல்லை. நான்காவதில் நெற்றி ஓரம் முழுக்க ஒரு அங்குலம்கூட இல்லாத குட்டை முடிகள் விறைத்து நின்றன. எந்த எண்ணெய்க்கும் படியவில்லை. மகள் அதைப் பார்த்துவிட்டு, குருவிக்குஞ்சு மாதிரி இருக்கிறாய் அம்மா என்றாள். ஃபிளாஸ்க் இன்னும் அலமாரி மேல்தட்டில்தான் இருக்கிறது. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு முடித்தால் ஒன்றரைக்குத்தான் இறங்கும். அதுவரை என் வீட்டுக்காரர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.